லஞ்சம் கேட்கிறார்களா? பொறிவைப்புப் புகார் கொடுப்பது எப்படி

பட்டா மாறுதல், கட்டட அனுமதி, மின் இணைப்பு, வாரிசுச் சான்று என எதற்குப் போனாலும் "கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க" என்று ஒருவர் சொல்கிறார். தமிழ்நாட்டில் இப்படிக் கேட்பவரைப் பொறி வைத்து, அதாவது பணம் வாங்கும்போதே கையும் களவுமாகப் பிடிப்பது ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்தின் வேலை. 1964-இல் தொடங்கிய இந்த அமைப்பை நாம் லஞ்ச ஒழிப்புத் துறை என்கிறோம். முதன்முறையாக அங்கே புகார் கொடுக்கப் போகிறவர்களுக்காக இந்தப் பதிவு.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நோட்டில் பவுடர் தடவுவது, கை கழுவிய நீர் நிறம் மாறுவது எல்லாம் பத்திரிகைச் செய்திக்கு நன்றாக இருக்கும். கோர்ட்டில் முதலில் கேட்கப்படுவது வேறு: "அவர் கேட்டாரா?" அதற்குப் பதில் இல்லையென்றால், சட்டைப் பையில் இருந்து பணம் எடுத்ததால் மட்டும் தண்டனை கிடைக்காது. உச்ச நீதிமன்றம் இதைப் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு கேள்விக்கான தயாரிப்புதான்.

படி 1: யாரிடம் போக வேண்டும்?

கேட்டவர் மாநில அரசு, உள்ளாட்சி, மின்வாரியம் போன்ற இடங்களில் இருப்பவர் என்றால் லஞ்ச ஒழிப்புத் துறை. ரயில்வே, அஞ்சல், வருமான வரி, பொதுத்துறை வங்கி என்றால் சிபிஐயின் ஊழல் தடுப்புப் பிரிவு. வேலை தாமதமாகிறது, அலைக்கழிக்கிறார்கள், ஆனால் யாரும் பணம் கேட்கவில்லை என்றால் இந்த இரண்டு இடங்களுமே உங்களுக்கு உதவாது. அதற்கு முதல்வரின் முகவரி துறையின் 1100 எண்ணில் மனு பதியுங்கள்.

படி 2: பணம் கொடுப்பதற்கு முன்பே போங்கள்

2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தில், பிரிவு 8-இன்படி லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. 7 ஆண்டு வரை சிறை உண்டு. இரண்டு விலக்குகள் இருக்கின்றன. கட்டாயத்தின் பேரில் கொடுத்திருந்தால், கொடுத்த 7 நாட்களுக்குள் காவல் துறைக்கோ விசாரணை அமைப்புக்கோ தெரிவிக்க வேண்டும். முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிட்டு, அவர்களுக்கு உதவுவதற்காகக் கொடுத்தால் அது குற்றமே இல்லை. முதல் தவணை கொடுத்துவிட்டு இரண்டாவதைக் கேட்கும்போது கோபம் வந்து புகார் கொடுப்பவர்கள் அதிகம். அவர்கள் அந்த 7 நாள் கணக்கை முதலில் பார்க்க வேண்டும். முதல் தவணையைப் புகாரில் மறைப்பது அதைவிட ஆபத்து. குறுக்கு விசாரணையில் அது வெளியே வந்தால் மற்றதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

படி 3: கேட்டதைப் பதிவு செய்தல்

ஒவ்வொரு சந்திப்பு முடிந்ததும் தேதி, நேரம், இடம், அருகில் இருந்தவர், அவர் சொன்ன வார்த்தை ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். வார்த்தையை அப்படியே எழுதுங்கள். "பணம் கேட்டார்" என்பதைவிட, "மேலே வரைக்கும் கொடுக்கணும், அஞ்சு ரூபா ஆகும்னார், அஞ்சாயிரமானு கேட்டேன், ஆமான்னார்" என்பது ஆயிரம் மடங்கு மேல்.

பேச்சைக் கைபேசியில் பதிவு செய்தால் அந்தக் கைபேசியைப் பத்திரமாக வையுங்கள். ஆடியோவை வெட்டாதீர்கள், பெயர் மாற்றாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63-இன்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்) குறிக்கப்படும். மூலக் கோப்பு போய்விட்டால் இதெல்லாம் சிக்கலாகும்.

பேரம் பேசும்போது கவனம் தேவை. "நான் ஏதாவது கொடுக்கட்டுமா சார்?" என்று நீங்களே ஆரம்பித்தால் பதிவு உங்களுக்கு எதிராகத் திரும்பும். "என் மனு எந்த நிலையில் இருக்கு சார்?" என்று மட்டும் கேளுங்கள். கேட்க நினைப்பவர் கேட்பார்.

படி 4: புகார் எழுதுதல்

கட்டணமில்லா எண் 1064-இல் அழைக்கலாம். ஆனால் பொறி வைக்க வேண்டுமென்றால் மாவட்டப் பிரிவு அலுவலகத்துக்கு நேரில் போய் எழுத்துப்பூர்வமாகக் கொடுக்க வேண்டும். தபாலில் அனுப்பாதீர்கள், உள்ளூர்க் காவல் நிலையத்தில் விசாரிக்காதீர்கள், நண்பர்களிடமும் மூச்சு விடாதீர்கள். தாலுகா அலுவலக வாசலில் டீக்கடை வைத்திருப்பவருக்குத் தெரிந்தால் மாலைக்குள் உள்ளே இருப்பவருக்கும் தெரிந்துவிடும்.

புகார் ஒரு பக்கம் போதும். இப்படி இருக்கலாம்:

"எனது தந்தை பெயரில் உள்ள நிலத்துக்குப் பட்டா மாறுதல் கோரி இன்ன தேதியில் இ-சேவை மையத்தில் மனு செய்தேன். மனு எண் இது. இன்ன தேதி காலை 11 மணியளவில் கிராம நிர்வாக அலுவலரை அவரது அலுவலகத்தில் சந்தித்தபோது, பரிந்துரை செய்ய ரூ. 5,000 லஞ்சமாகக் கேட்டார். பணத்தை இன்ன நாளில் அலுவலகத்துக்குக் கொண்டு வரச் சொன்னார். எனக்கு லஞ்சம் கொடுக்க விருப்பமில்லை. சட்டப்படி நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

மனு ரசீது, அரசுக் கட்டணம் கட்டிய ரசீது, அடையாள அட்டை நகல் சேர்க்க வேண்டும். லஞ்சம் கேட்டவருடன் உங்களுக்குப் பழைய தகராறு, கடன், இடப் பிரச்சினை ஏதாவது இருந்தால் விசாரணை அதிகாரியிடம் அன்றே சொல்லிவிடுங்கள். "அது நான் கொடுத்த கைமாத்து, திருப்பித் தந்தார்" என்பது எதிர்த்தரப்பின் நிரந்தர வாதம்.

பணம் பெரும்பாலும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும். அது வழக்குச் சொத்தாகிவிடும் என்பதால், திரும்பப் பெறும் வழியைத் தொடக்கத்திலேயே கேளுங்கள். கேட்ட மொத்தத் தொகையும் வேண்டியதில்லை, முன்பணம் கேட்டிருந்தால் அந்த அளவு போதும்.

படி 5: பொறி வைக்கும் நாள்

வேறு துறைகளில் இருந்து இரண்டு அரசு ஊழியர்கள் சாட்சிகளாக வருவார்கள். நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொண்டு, பினாப்தலின் பவுடர் தடவுவார்கள். பவுடர் கண்ணுக்கு எளிதில் தெரியாது. தொட்ட விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் நிறமற்ற கரைசல் இளஞ்சிவப்பாகும். இதைச் சாட்சிகள் முன் செய்து காட்டி, மகஜர் (நடந்ததை விவரிக்கும் பதிவு) எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். மகஜரைப் படித்துப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

ஒரு சாட்சி உங்களோடு உறவினர்போல வருவார். பேச்சு அவர் காதில் விழ வேண்டும். "நீங்க வெளிய இருங்க" என்று லஞ்சம் கேட்டவர் அந்தச் சாட்சியை அனுப்பிவிட்டால், கேட்டது உங்கள் ஒருவர் வார்த்தையாகவே நின்றுவிடும். முடிந்தவரை கதவருகிலாவது நிற்கும்படி பேச்சை நடத்துங்கள்.

உள்ளே போனபின்:

- கை குலுக்க வேண்டாம், தோளைத் தொட வேண்டாம். பவுடர் உங்கள் கையிலிருந்து அவர் கைக்குப் போனது என்று வாதிடுவார்கள்.
- அவர் கேட்கும் வரை பணத்தை எடுக்க வேண்டாம். "சொன்னது கொண்டு வந்தீங்களா?" என்பது போன்ற ஒரு வாக்கியம் வரட்டும்.
- மேசையில் வீசிவிட்டு வரக் கூடாது. டிராயரிலோ பையிலோ நீங்களே திணிக்கவும் கூடாது.
- வேறொருவரிடம் கொடுக்கச் சொன்னால், அவர் சொல்லித்தான் கொடுக்கிறோம் என்பது சாட்சிக்குக் கேட்கும்படி திருப்பிச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். இடைத்தரகர் மீது ஊழல் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 7ஏ பாயும்.
- ஜிபே எண் கொடுத்தால் உடனே அனுப்பாமல் விசாரணை அதிகாரியிடம் சொல்லுங்கள்.

வாங்கியதும் முன்பே பேசிவைத்த சைகையைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். இரண்டு கைகளையும் தனித்தனி டம்ளரில் நனைத்து, கரைசலைப் பாட்டிலில் ஊற்றிச் சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். நாளாக நாளாக நிறம் வெளுக்கும். அதனால்தான் ஆய்வக அறிக்கை வாங்குகிறார்கள்.

அன்று அவர் வாங்கவில்லையா? பதற வேண்டாம். நோட்டுகளை அப்படியே குழுவிடம் திருப்பிக் கொடுங்கள். அடுத்த தேதி குறிக்கலாம்.

படி 6: அதன் பிறகு

முதல் தகவல் அறிக்கையின் நகல் உங்களுக்கு இலவசம், கேட்டு வாங்குங்கள். நின்றுபோன உங்கள் வேலையை வேறு அதிகாரி மூலம் முடிக்கக் கோரி, மேலதிகாரிக்கு எழுத்துப்பூர்வமாக மனு கொடுங்கள். குற்றப்பத்திரிகையை நீதிமன்றம் ஏற்க, அதே சட்டத்தின் பிரிவு 19-இன்படி, அவரைப் பதவி நீக்கும் அதிகாரம் உள்ளவரின் இசைவாணை (வழக்குத் தொடர முன் அனுமதி) வேண்டும். தாமதம் பெரும்பாலும் இங்கேதான். பிரிவு 7-இல் தண்டனை 3 முதல் 7 ஆண்டு.

உங்களுக்குச் சம்மன் வர ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் ஊரார், உறவினர் வழியாகச் சமாதானப் பேச்சு வரும். பிறழ் சாட்சியாக (முன்பு சொன்னதை மறுப்பவராக) மாறினால் வழக்கு தானாக முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். 2022 டிசம்பரில் நீரஜ் தத்தா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, புகார்தாரர் பிறழ்ந்தாலும் இறந்தாலும் பிற சாட்சியங்களாலும் சூழ்நிலைச் சான்றாலும் கேட்டதையும் வாங்கியதையும் நிரூபிக்கலாம் என்று சொல்லிவிட்டது. பொய்ச் சாட்சி சொன்ன வழக்கு மட்டும் உங்கள் தலையில் விழும்.

பணம் கைமாறாத முறைகேடு என்றால்

போடாத சாலைக்குப் பில், டெண்டர் மோசடி போன்றவற்றுக்குப் பொறி கிடையாது, ஆவணம்தான். 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, மதிப்பீடு, பணி ஆணை, எம்-புக் (வேலையின் அளவுகளைக் குறிக்கும் அளவுப் புத்தகம்) நகல், பில் கொடுத்த விவரம் நான்கையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அதே சட்டத்தின் பிரிவு 2(ஜே) வேலையை நேரில் பார்வையிடவும் பொருளின் மாதிரி எடுக்கவும் உரிமை தருகிறது. பலர் இதைப் பயன்படுத்துவதே இல்லை. எம்-புக்கில் உள்ள நீள அகலத்தை இடத்தில் நாடா வைத்து அளந்து, வித்தியாசத்தை அட்டவணையாக்கிப் புகாருடன் இணையுங்கள். அதிகாரி எடுத்த முடிவு குறித்த இத்தகைய புகார்களை விசாரிக்க ஊழல் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 17ஏ-யின்படி முன் அனுமதி தேவை, அதற்கு 3 மாதமும் கூடுதலாக ஒரு மாதமும் அவகாசம் உண்டு. கையும் களவுமாகக் கைது செய்யும் வழக்குக்கு இந்த அனுமதி தேவையில்லை.