வளர்ச்சிக் கூட்டாண்மை அறிவிப்பை வாசிப்பது எப்படி: இந்தியாவும் மாலத்தீவும்

பெரிய பொருளாதாரம் ஒன்று சிறு தீவு நாட்டுக்கு இத்தனை ஆயிரம் கோடி ரூபாய் உதவி அறிவித்தது என்று செய்தி வரும்போது, அந்தத் தொகையில் எவ்வளவு திருப்பிச் செலுத்தவேண்டிய கடன், அதை யார் செலவிடுவார், எந்த நாணயத்தில் திருப்பித் தரவேண்டும் என்பவை தலைப்பில் இடம்பெறுவதில்லை. இவற்றைக் கண்டறியும் வழியை இங்கே மாலத்தீவை வைத்து விளக்குகிறேன். சுமார் ஐந்து லட்சம் மக்கள் வாழும் அந்நாடு அரிசி, வெங்காயம், கட்டுமான மணல் ஆகியவற்றைக்கூட வெளியிலிருந்து வாங்குகிறது. சுற்றுலாவே அதன் முதன்மையான டாலர் வருவாய். எனவே ஒரு கடனின் சுமையும் ஒரு திட்டத்தின் பலனும் அங்கே விரைவில் வெளிப்பட்டுவிடும்.

முதலில், செய்திச் சுருக்கத்தோடு நின்றுவிடாமல், வெளியுறவு அமைச்சகம் வெளியிடும் கூட்டறிக்கையையும் அதன் இணைப்புப் பட்டியலையும் முழுமையாக வாசியுங்கள். ஒவ்வொரு திட்டமும் அறிவிப்பு, ஒப்பந்தம், பணித் தொடக்கம், ஒப்படைப்பு ஆகியவற்றில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தலைநகர் மாலேயை வில்லிமாலே, குல்ஹிஃபல்ஹு, திலஃபுஷி ஆகிய தீவுகளோடு இணைக்கும் 6.74 கிலோமீட்டர் நீளமுள்ள பாலமும் கடல்வழிச் சாலையும் 2020 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டன. கட்டுமான ஒப்பந்தம் கையெழுத்தாக ஓராண்டு ஆனது. 2025-ஆம் ஆண்டிலும் பணி நடந்துகொண்டுதான் இருந்தது. 34 தீவுகளுக்கான குடிநீர், கழிவுநீர்த் திட்டமாகப் பேசப்பட்டதில், 2024 ஆகஸ்டில் 28 தீவுகளுக்கான பணிகள் ஒப்படைக்கப்பட்டன. ஒரே திட்டம் ஒவ்வொரு கட்டத்திலும் புதிய செய்தியாக வருவதால், அதன் தொகையை இருமுறை கூட்டிவிடுவது எளிது.

அடுத்து தொகையைப் பிரிக்கவேண்டும். பெரும்பாலான குழப்பம் இங்கேதான் எழுகிறது. மேற்சொன்ன பாலத்துக்கு அறிவிக்கப்பட்ட 50 கோடி டாலரில் மானியம் 10 கோடி மட்டுமே. எஞ்சிய 40 கோடி, இந்திய எக்ஸிம் வங்கி (ஏற்றுமதி-இறக்குமதி வங்கி) வழங்கும் கடன். ஹுல்ஹுமாலேயில் 2025 ஜூலையில் ஒப்படைக்கப்பட்ட 3,300 குடியிருப்புகளோ, வாங்குவோர் கடன் (இந்திய நிறுவனத்திடம் வாங்குவதற்காக வெளிநாட்டு வாங்குநருக்குத் தரப்படும் கடன்) என்னும் வேறொரு வகையைச் சேர்ந்தவை. 2024 அக்டோபரில் கையெழுத்தான 40 கோடி டாலர் மற்றும் 3,000 கோடி ரூபாய்க்கான நாணயப் பரிமாற்ற ஏற்பாடு, அந்நியச் செலாவணிக் கையிருப்பு வற்றிப்போகாமல் காக்கும் குறுகிய கால ஏற்பாடேயன்றி வளர்ச்சி நிதி அன்று. அதில் ஒரு தெரு விளக்குகூட எரியாது. இவை அனைத்தையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதும் கட்டுரைகளை ஐயத்தோடு அணுகுவதே நல்லது.

சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. இந்திய நிதிநிலை அறிக்கையில் வெளியுறவு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையில் (அமைச்சகத்தின் செலவுக்கு நாடாளுமன்ற ஒப்புதல் கேட்கும் ஆவணம்) நாடுவாரியான உதவி தரப்பட்டிருக்கும். 2025-26-இல் மாலத்தீவுக்கு ஒதுக்கப்பட்டது 600 கோடி ரூபாய். அதே 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்ட கடனுதவியோ 4,850 கோடி ரூபாய். எக்ஸிம் வங்கி கடன் கொடுப்பதால் அந்தத் தொகை இந்த ஒதுக்கீட்டில் வராது. ஆகவே இரண்டும் முரண்படுவதாக எண்ணவேண்டியதில்லை.

கடன் என்று தெரிந்தபின் அதன் நிபந்தனைகளைப் பாருங்கள். இந்தியக் கடனுதவிக்கான வழிகாட்டு நெறிகளின்படி, பொருள்களிலும் சேவைகளிலும் பொதுவாக 75 விழுக்காடு இந்தியாவிலிருந்தே பெறப்படவேண்டும்; கட்டுமானப் பணிகளுக்குச் சற்றுத் தளர்வு உண்டு. ஒப்பந்ததாரரும் இந்திய நிறுவனமாகவே இருப்பார் என்பதால், பணத்தின் பெரும்பகுதி கடன் கொடுத்த நாட்டுக்குள்ளேயே சுற்றும். இது இந்தியாவுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. 2018-இல் திறக்கப்பட்ட, மாலேயையும் விமான நிலையத் தீவான ஹுல்ஹுலேயையும் இணைக்கும் பாலத்துக்குச் சீனா மானியமும் கடனும் கலந்து நிதி தந்தது. கட்டியதும் சீன நிறுவனமே. இதைக் குறையாகவே கொள்ளவேண்டும் என்பதில்லை. ஆனால் உள்ளூர் ஒப்பந்ததாரர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் எவ்வளவு வேலை கிடைக்கிறது என்ற கேள்வியைக் கேட்காமல் விடக்கூடாது.

நாணயத்தையும் கவனியுங்கள். 2019-இல் கையெழுத்தான 80 கோடி டாலர் கடன் டாலரில் இருந்தது. 2025-இன் கடன் ரூபாயில் தரப்படுகிறது. ரூபாய்க் கடன், டாலர் மதிப்பு ஏறும்போது சுமை கூடாமல் பார்த்துக்கொள்ளும்; ஆனால் சுற்றுலாவில் டாலர் ஈட்டும் நாடு, தவணை கட்ட ரூபாயைத் தேடிப் பெறவேண்டும். அந்த ரூபாய்க் கடன் அறிவிக்கப்பட்டபோதே, முந்தைய கடன்களுக்கான ஆண்டுத் தவணை 5.1 கோடி டாலரிலிருந்து 2.9 கோடியாகக் குறைக்கப்பட்டது. என் பார்வையில், அன்று கைகுலுக்கிய புகைப்படத்தோடு வந்த பெரிய எண்ணைவிட இந்தத் தவணைக் குறைப்பே மாலேயின் நிதியமைச்சகத்துக்கு அதிக நிம்மதி தந்திருக்கும்.

அரசியலைத் தனியாக எடைபோடுங்கள். "இந்தியாவே வெளியேறு" என்ற முழக்கத்தின் பின்னணியில் 2023-இல் மாலத்தீவு அதிபராக முய்ஸு ஆட்சிக்கு வந்தார். 2024 மே மாதத்துக்குள் இந்திய ராணுவத்தினர் திரும்ப, சிவிலியன் தொழில்நுட்பப் பணியாளர்கள் அவர்களுடைய இடத்துக்கு வந்தனர். ஆனாலும் பாலப் பணி நிற்கவில்லை; 2025-இன் கடனும் அதே அரசோடுதான் கையெழுத்தானது. மேடைப் பேச்சை வைத்து ஒரு திட்டத்தின் ஆயுளைக் கணிப்பதைவிட, கட்டுமானம் எந்த அளவுக்கு முன்னேறியிருக்கிறது என்று பார்ப்பது பயன்தரும்.

சிறிய தொகைகளைத் தாண்டிச் செல்லாதீர்கள். 2025 மே மாதத்தில் தீவுகளுக்கிடையேயான படகுச் சேவைகளை மேம்படுத்த, 10 கோடி ருஃபியா (மாலத்தீவு நாணயம்) இந்திய மானியத்தில் 13 புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. பாலத்தோடு ஒப்பிட்டால் இது சில்லறைதான். ஆனால் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் பக்கத்துத் தீவுக்குப் படகேறவேண்டிய குடும்பத்துக்கு, தலைநகரப் பாலத்தைவிட இதுவே நெருக்கமானது. இத்தகைய திட்டங்களில் பராமரிப்புச் செலவை யார் ஏற்பார் என்பதைத் தேடிப் பாருங்கள். படகும் குடிநீர் ஆலையும் உதிரிபாகம் இல்லாமல் நின்றுவிட்டால், ஒப்படைப்பு விழாவின் படம் மட்டுமே மிஞ்சும்.

தமிழ்நாட்டு ஏற்றுமதியாளர்கள் கூட்டறிக்கையோடு இன்னோர் ஆவணத்தையும் பார்க்கவேண்டும். 1981-ஆம் ஆண்டு வர்த்தக ஒப்பந்தத்தின்கீழ், இந்தியா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்திருக்கும் அத்தியாவசியப் பொருள்களும் மாலத்தீவுக்குக் குறிப்பிட்ட அளவு செல்கின்றன. 2024-25-இல் ஆற்று மணலுக்கும் ஜல்லிக்கும் தலா 10 லட்சம் டன் என்று, முன்பிருந்ததைவிட 25 விழுக்காடு கூட்டி அனுமதிக்கப்பட்டது. அந்த ஏற்றுமதிக்கு அனுமதிக்கப்பட்ட துறைமுகங்களில் தூத்துக்குடியும் ஒன்று. எந்தப் பொருள், எவ்வளவு, எந்தத் துறைமுகம் என்பவை வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் அறிவிக்கையில் இருக்கும். சரக்கைக் கொள்முதல் செய்யும் முன்பு அந்த ஆண்டுக்கு நடப்பில் உள்ள அறிவிக்கையையும், பின்னர் வந்த திருத்தங்களையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.