கெப் எவ்வளவு தாங்கும், எவ்வளவு இழுக்கும்: மணல், சீமெந்து, படகு வைத்து ஒரு கணக்கு

ட்ரெயிலரின் மூக்கை, அதாவது கொளுவுகிற முன்முனையை, ஒரு கையால் தூக்கிக் கெப்பின் (பிக்கப் வண்டியின்) பின்னால் இருக்கிற இழுவைக் குண்டில், டோ போலில், மாட்டினேன். "பார், எவ்வளவு இலேசு" என்றான் மச்சான், எனக்கும் சந்தோஷம். அந்த இலேசுதான் பிழை என்று தெரிந்தது கப்பல்துறை தாண்டிய பிறகு. அறுபதில் போய்க்கொண்டிருக்கும்போது ட்ரெயிலர் மெல்ல இடமும் வலமும் ஆடத் தொடங்கியது, அப்புறம் கெப்பின் பின்பக்கத்தையும் சேர்த்து ஆட்டியது. ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் நிலாவெளியில் கிடந்த ஃபைபர் படகைத் தம்பலகாமத்து வளவுக்குக் கொண்டுபோய் ஓட்டை அடைக்க வேண்டும், அவ்வளவுதான் எங்கள் திட்டம். எக்ஸ்சிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டு, பிரேக்கைத் தொடாமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு இருந்தேன், தானாக அடங்கியது. பயத்தில் பிரேக்கை அமத்தியிருந்தால் படகு எங்களை முந்திப் போயிருக்கும்.

எனக்குக் கெப்பை விற்றவர் சொன்ன ஒரே வசனம், "மூண்டரைத் தொன் இழுக்கும் தம்பி, யோசிக்காதீங்க". அவர் சொன்னது பொய்யும் இல்லை, ஹைலக்ஸ், டி-மெக்ஸ், ரேஞ்சர் எல்லாவற்றிலும் பல மொடல்களுக்கு விளம்பரத்தில் 3,500 கிலோ என்றுதான் வரும். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் நாலைந்து எண்கள் இருக்கின்றன, அதில் எது முதலில் முடிகிறதோ அதுதான் உங்கள் எல்லை. நம் ஊர்ப் பாவனையில் முதலில் முடிவது பெரும்பாலும் இழுவை இல்லை, ஏற்றுகிற பாரம்தான்.

முதலில் எண்கள் எங்கே இருக்கின்றன என்று பார்ப்போம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில், இல்லாவிட்டால் பொனட்டுக்குள், ஒரு சின்னத் தகடு ஒட்டியிருக்கும். ஐரோப்பிய முறைத் தகடு என்றால் சேசிஸ் நம்பருக்குக் கீழே நாலு வரி எண்கள் வரும். முதல் வரி வாகனமும் ஆட்களும் சாமானும் எல்லாம் சேர்ந்து எவ்வளவு நிறை இருக்கலாம் என்பது, அதைத்தான் ஜிவிஎம் என்கிறார்கள். இரண்டாவது, பின்னால் கொளுவிய ட்ரெயிலரையும் சேர்த்த மொத்தம், அது ஜிசிஎம். மூன்றாவதும் நாலாவதும் 1, 2 என்று போட்டு முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள எல்லை. பலருக்கு இந்த நாலு வரி சும்மா இலக்கம். எனக்கும் அப்படித்தான் இருந்தது, அந்தப் படகு ஆடும்வரை. வாகனத்தின் வெற்று நிறை இந்தத் தகட்டில் வராது, அதைப் பதிவுப் புத்தகத்தில் பாருங்கள், இல்லாவிட்டால் நிறுத்துப் பாருங்கள். நிறுப்பதுதான் சரி, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஜிவிஎம்மில் இருந்து வெற்று நிறையைக் கழித்தால் ஏற்றக்கூடிய பாரம், அதாவது பேலோட். உதாரணத்துக்கு ஒரு டபுள் கெப்பை, ரெண்டு வரிசை இருக்கை உள்ளதை, எடுப்போம்: வெற்று நிறை 2,050 கிலோ, ஜிவிஎம் 3,050, ஜிசிஎம் 5,850. பேலோட் சரியாக 1,000 கிலோ. ஒரு தொன் கெப் என்று நெஞ்சை நிமிர்த்தலாம். ஆனால் அந்த ஆயிரத்துக்குள் ஆட்களும் அடக்கம் என்பதை யாரும் நினைப்பதில்லை. ஐந்து பேர், ஆளுக்கு எழுபது என்றால் 350 போய்விட்டது. முன்னால் இரும்பு பார், பின்னால் கனோபி, டோ பார், அடியில் கிடக்கிற டூல் பெட்டி எல்லாம் நீங்கள் பிறகு பூட்டியவை, வெற்று நிறையில் வராதவை, அதற்கு ஒரு 120 வைப்போம். மிச்சம் 530. ட்ரெயிலரின் மூக்கு டோ போலில் அழுத்துகிற பாரம் 150 என்றால் அதுவும் இதே கணக்கில்தான் கழியும், மிச்சம் 380. ஐம்பது கிலோ சீமெந்துப் பை ஏழு. ஒரு தொன் கெப்பில் ஏழு பை! சீமெந்து ஆலை இருக்கிற ஊரில் இருபது பையை அடுக்கிவிட்டு ஐந்து பேரும் ஏறிப் போகிறோம்.

மணல் இன்னும் மோசம், அது கண்ணை ஏமாற்றும். நாம் வாங்குகிற ஒரு கியூப் மணல் நூறு கன அடி, காய்ந்த மணலே நாலரைத் தொன் கிட்ட வரும். டபுள் கெப்பின் பின்பெட்டி ஒன்றரை மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், அரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரம் என்று வையுங்கள், விளிம்பு மட்டத்துக்கு நிரப்பினால் கிட்டத்தட்ட ஒரு கன மீட்டர், ஒன்றரைத் தொன்னுக்கு மேல். பெட்டி நிறையவில்லை, இன்னும் ரெண்டு சவள் போடு என்று சொல்கிறபோதே எல்லையைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டீர்கள், மாரியில் நனைந்த மணல் என்றால் இன்னும் கூட. பெட்டியின் அளவு பஞ்சு மெத்தைக்கும் ஒன்றுதான், மணலுக்கும் ஒன்றுதான். தண்ணீர்த் தாங்கிக்கு மட்டும் கணக்கு இலேசு, ஒரு லீட்டர் ஒரு கிலோ, ஆயிரம் லீட்டர் தாங்கியை நிரப்பி ஏற்றினால் ஓட்டுநர் இறங்கி நடக்க வேண்டியதுதான்.

இதற்கு நம் ஆட்கள் சொல்லும் வைத்தியம் பின்னால் ரெண்டு ஸ்பிரிங் தகடு கூடப் போடுவது. போட்டால் பின்பக்கம் தாழாது, பார்க்க நிமிர்ந்து நிற்கும், ஆனால் அச்சும் பேரிங்கும் பிரேக்கும் டயரும் சேசிஸும் பழையவைதான். ஜிவிஎம் ஒரு கிலோவும் கூடாது. சொல்லப்போனால் ஆபத்து கூடுகிறது, ஏனென்றால் முன்பு பின்பக்கம் தாழ்ந்து காட்டிக்கொடுத்தது, இப்போது அதுவும் இல்லை.

இப்போது இழுவை. 3,500 என்பது பிரேக் வைத்த ட்ரெயிலருக்கு. பிரேக் இல்லாத ட்ரெயிலருக்கு இந்த வகைக் கெப்களில் வழமையாக 750 கிலோதான், ட்ரெயிலரின் சொந்த நிறையும் அதற்குள். நம் கரையில் வெல்டிங் கடையில் அடித்த படகு ட்ரெயிலரில் எதில் பிரேக் இருக்கிறது? ஆகவே நம்மில் பலருக்கு மூன்றரைத் தொன் என்ற பேச்சே தேவையில்லை, நம் எண் 750.

பிரேக் வைத்த ட்ரெயிலரே இருந்தாலும் ஜிசிஎம் குறுக்கே நிற்கும். மேலே சொன்ன உதாரணக் கெப்பில் 5,850ல் இருந்து 3,500ஐக் கழியுங்கள், கெப்புக்கு மிச்சம் 2,350, வெற்று நிறை 2,050 போக 300 கிலோ. அதாவது முழு இழுவையும் இழுக்கும்போது நாலு பேர் ஏறினாலே முடிந்தது, பின்பெட்டி வெறுமை. மாறாகக் கெப்பை முழுதாக, 3,050க்கு, நிரப்பினால் இழுக்கக்கூடியது 2,800 மட்டும். தகட்டின் இரண்டாவது வரியில் இருந்து முதல் வரியைக் கழித்தால் இந்த எண் வந்துவிடும், பழைய வாகனம் வாங்கப் போகிறபோது விற்பவர் பேசி முடிப்பதற்குள் மனக்கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். முழுப் பாரமும் முழு இழுவையும் ஒன்றாகக் கிடையாது, ஒரே பையில் இருக்கிற காசை ரெண்டு கடையில் செலவழிக்கிற மாதிரி.

யூடியூபில் அமெரிக்க வாகனங்களைப் பார்த்துவிட்டுப் பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஃபோர்ட் எஃப்-150 பிக்கப் மாதிரியானதை அரைத் தொன் வண்டி என்பார்கள், அது பழைய வழக்கில் நின்றுவிட்ட பெயர், இப்போது அவற்றில் பல அரைத் தொன்னுக்கு மேலேயே ஏற்றும், சரியான எண் கதவு ஸ்டிக்கரில் கிலோவிலும் இறாத்தலிலும் இருக்கும். ஒரு காலத்தில் அங்கே ஒவ்வொரு கம்பனியும் தன் இஷ்டத்துக்கு இழுவை எண் போட்டது. அப்புறம்தான் வாகனப் பொறியியலாளர் சங்கத்தின் எஸ்ஏஈ ஜே2807 என்று இழுவையைச் சோதிக்க ஒரு பொது முறை வந்தது, 2011 மொடல்களுக்கு முதலில் அதை எடுத்தது டொயோட்டா. அரிசோனாவில் டேவிஸ் அணைப் பக்கத்து ஏற்றத்தில், பதினொரு மைலுக்கு மேல், வெயிலில், ஏசியை முழுதாகப் போட்டுக்கொண்டு, ட்ரெயிலரோடு மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். நம் கெப்கள் அந்தச் சோதனைக்குப் போனவை அல்ல. ஆனால் யோசனை நமக்கும் பொருந்தும்: கச்சான் காற்று அனலாக வீசுகிற ஆடி மாதத்தில், ஏசி போட்டு, பாரம் இழுத்துக்கொண்டு ஹபரணை வரை போகிறபோது எஞ்சினும் கியர்பொக்ஸும் படுகிற பாடு காலை ஆறு மணிக்குப் போகிறபோது இல்லை. ஓட்டோ கியர் என்றால் முக்கியமாகக் காலையில் கிளம்புங்கள்.

சரி, மூக்குப் பாரத்துக்கு வருவோம், என்னை ஆட்டியது அதுதான். ட்ரெயிலரின் மொத்த நிறையில் பத்து முதல் பதினைந்து வீதம் டோ போலில் அழுத்த வேண்டும். குறைந்தால் வால் ஆடும், கூடினால் கெப்பின் முன்சில்லுகள் இலேசாகி ஸ்டியரிங்கும் பிரேக்கும் தளரும். டோ போல் பின் அச்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருப்பதால் அது ஒரு நெம்புகோல். ஹைலக்ஸின் அச்சுகளுக்கு இடையில் 3.085 மீட்டர், டோ போல் பின் அச்சில் இருந்து 1.2 மீட்டர் தள்ளி என்று வைத்தால், 150 கிலோ மூக்குப் பாரம் பின் அச்சில் 208 கிலோவாக விழும், முன் அச்சில் இருந்து 58 கிலோவைத் தூக்கிவிடும். நாலாவது வரியில் இருக்கிற பின் அச்சு எல்லை இதற்காகத்தான்.

தம்பலகாமத்தில் நெல் ஆலை ஒன்றின் லொறித் தராசில் எங்கள் ட்ரெயிலரைக் கழற்றி ஏற்றினோம், 870 கிலோ. ட்ரெயிலர் மட்டும் 260, படகு 390 போல, நாற்பது குதிரைவலு எஞ்சின் எழுபதைத் தாண்டும், வலை 110, மிச்சம் மண்ணெண்ணெய்க் கேன். 750 எல்லையைத் தாண்டி 120 கிலோ. மூக்கில் இருந்ததோ இருபது கிலோ. காரணம் படகின் பின்தட்டில் தொங்கிய எஞ்சின், அது ட்ரெயிலர் அச்சுக்கு வெகு பின்னால் நின்று மூக்கைத் தூக்கிக்கொண்டிருந்தது. எஞ்சினைக் கழற்றிக் கெப்பின் பெட்டிக்குள் முன்பக்கமாகப் படுக்க வைத்தோம், வலையும் அங்கே, படகை ஒரு அடி முன்னுக்கு இழுத்துக் கட்டினோம். ட்ரெயிலர் 690க்குக் கீழே வந்தது, மூக்கு நூறு கிலோ கிட்ட. ஆனால் பாருங்கள், எஞ்சினும் வலையும் மூக்கும் சேர்ந்து கெப்பின் பேலோடில் இருந்து கிட்டத்தட்ட 285 கிலோவைத் தின்றுவிட்டது.

மூக்கைக் குளியலறைத் தராசிலேயே நிறுக்கலாம். ஒரு தடித்த பலகையின் ஒரு முனையைக் கல்லின் மேலும் மறுமுனையைத் தராசின் மேலும் வையுங்கள், கல்லில் இருந்து ஒரு பங்கு தூரம், தராசில் இருந்து ரெண்டு பங்கு தூரம் வருகிற இடத்தில் மூக்கை இறக்குங்கள், தராசு காட்டுவதை மூன்றால் பெருக்குங்கள். பலகையின் நிறையால் வருகிற எண்ணை முதலிலேயே கழித்துவிடுங்கள். தரை மட்டமாக இருக்கட்டும், ட்ரெயிலர் சில்லுக்குக் கல் வைக்க மறக்காதீர்கள்.

லொறித் தராசில் நிறுக்கிறபோது முழுக் கெப்பையும் ஒரு தடவை, பின்சில்லு மட்டும் மேலே நிற்க ஒரு தடவை. ஆட்கள் எல்லோரும் உள்ளேயே இருக்க வேண்டும், ட்ரெயிலர் கொளுவியபடி இருக்க வேண்டும், அதன் சில்லுகள் தராசுக்கு வெளியே. அப்போதுதான் மூக்குப் பாரமும் உங்கள் கணக்கில் ஏறும். வெற்று நிறையையும் இதே தராசில், ஆட்களும் சாமானும் ட்ரெயிலரும் இல்லாமல், நிறுங்கள், ஏனென்றால் கொட்டேசனில் போட்ட வெற்று நிறை சில இடத்தில் ஓட்டுநரையும் எரிபொருளையும் சேர்த்தது, சில இடத்தில் ஓட்டுநர் இல்லாதது, நீங்கள் பூட்டிய இரும்பு எதிலும் இல்லாதது.

டயரையும் பாருங்கள். 265/65 ஆர்17 என்பதற்குப் பின்னால் 112 என்று இருந்தால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், 108 என்றால் 1,000 மட்டும். விலை குறைவு என்று கார் டயர் வகையைப் போட்டுவிட்டால் பின் அச்சின் எல்லை டயரிலேயே குறைந்துவிடும். டோ போலும் அதன் மேல் மாட்டுகிற ட்ரெயிலர் மூக்கின் கப்பும் ஒரே அளவாக இருக்க வேண்டும், சங்கிலி ரெண்டையும் மூக்குக்கு அடியில் குறுக்காகப் போட வேண்டும், படகை இறக்க ட்ரெயிலரைக் கடலுக்குள் விடுகிறவர்கள் பேரிங் ஆறும்வரை பொறுத்து இறக்க வேண்டும், சூட்டோடு இறக்கினால் பேரிங் உப்புத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

மச்சான் இப்போது பிரேக் வைத்த ட்ரெயிலர் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறான். அதுவரை எஞ்சின் கெப்பில், வலை கெப்பில், முன்னால் நாங்கள் ரெண்டு பேர் மட்டும், மற்றவர்கள் பஸ்ஸில் வருகிறார்கள்.