வெள்ளிக்கோல் வரையன் என்று சொல்வதற்கு முன்னால்

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து என் போனில் பாம்புப் படமாக வந்து விழுகிறது. பாதிப் படத்தில் பாம்பு எது, விளக்குமாறு எது என்றே தெரியாது. ஆனாலும் படம் வந்த அடுத்த நிமிஷம், என்னோடு பாம்பு பிடிக்கப் பழகும் பையன்களில் ஒருவன் பேரைச் சொல்லிவிடுவான், இன்னொருவன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவான், கதை முடிந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நானும் இதே லட்சணம்தான். அதனால்தான் இவ்வளவு எரிச்சல் வருகிறது என்று நினைக்கிறேன்.

வெறுங்கையால் பிடிக்காதே, டார்ச் இல்லாமல் நடக்காதே என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும். அடையாளம் பார்ப்பதில் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முகப்பு ஒரு தெருவில் இருந்தால் பின்கட்டு அடுத்த தெருவில் இருக்கும். வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடந்துவிட்டு, முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோதான் திறப்பார்கள். அதுவரை இரண்டாம் கட்டில் எலி குடியிருக்கும், எலியைத் தேடிச் சாரை வரும், பல்லியைத் தேடி விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையன் வரும், இவற்றையெல்லாம் தேடி ஆளைக் கொல்லும் கட்டுவிரியன் வரும். கட்டுவிரியன் மற்ற பாம்புகளையும் தின்னும். வீட்டைத் தாண்டினால் செம்புறைப் பொட்டலும் கருவக்காடும் கண்மாய்க் கரையும். அங்கே வேறு கூட்டம்.

முக்கோணத் தலை

முக்கோணத் தலை, பூனைக் கண் இருந்தால் விஷப் பாம்பு. வட்டக் கண் இருந்தால் சாது. இந்த விதியைப் பையன்கள் அரிசோனா பாலைவனத்தில் நடக்கிறவர்கள் போடுகிற வீடியோவிலிருந்து எடுத்து வருகிறார்கள். அங்கே ஆளைக் கொல்லக்கூடிய பாம்பு என்றால் பெரும்பாலும் வாலில் கிலுகிலுப்பை வைத்திருக்கிற விரியன்தான், அதனால் அவர்களுக்கு அது ஓரளவு உதவும். இங்கே நல்ல பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் தலை முக்கோணமில்லை, கண்ணும் வட்டம். எதிர்ப்பக்கம் பார்த்தால், ஒன்றும் செய்யாத மண்ணுளிக்குக் கண்மணி நெட்டுக்குத்தாக இருக்கும். தண்ணீர்ப் பாம்பை மடக்கினால் கழுத்தைத் தட்டையாக்கிப் படமெடுப்பது மாதிரி நிற்கும். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் மாதிரி விரியன்களுக்குத்தான் அந்த விதி பொருந்துகிறது. ஆனால் முதுகில் மூன்று வரிசைச் சங்கிலிப் புள்ளியோடு, குக்கர் விசில் மாதிரி சீறிக்கொண்டு கிடக்கிற கண்ணாடி விரியனின் கண்ணைக் குனிந்து பார்த்துத்தான் முடிவு செய்வேன் என்றால், என்ன சொல்ல?

பட்டை எங்கே ஆரம்பிக்கிறது

இது என் தவறு. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கறுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட பாம்பு வீட்டுக்குள் வந்தால் இரண்டில் ஒன்று, கட்டுவிரியன் அல்லது வெள்ளிக்கோல் வரையன். பழகுகிற எல்லாருக்கும் முதல் வாரமே சொல்லிக் கொடுப்பது: பட்டை கழுத்திலிருந்தே தொடங்கி வாலுக்குப் போகப் போக மங்கினால் வரையன், தலையிலிருந்து கொஞ்ச தூரம் வெறும் கறுப்பாக இருந்து, அப்புறம் ஜோடி ஜோடியாக மெல்லிய பட்டை வந்து வால் பக்கம் தெளிவானால் கட்டுவிரியன். தப்பில்லை. ஆனால் இது வளர்ந்த பாம்புக்குத்தான். கட்டுவிரியன் குட்டிக்கு முன்பக்கமும் பட்டையோ புள்ளியோ தெளிவாகவே இருக்கும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு கல்யாண வீடு. முதல் நாள் ராத்திரி பதினோரு மணிக்குச் சமையல்காரர் ஒருவர் படம் அனுப்பினார். பின்கட்டில், சுவரோரம், ஒன்றரைச் சாண் பாம்பு. முன்பாதிதான் தெரிந்தது, வால் அண்டாவுக்குப் பின்னால். கழுத்துக்குப் பக்கத்திலிருந்தே வெள்ளைக் கோடு. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், இடது கையால் போனை எடுத்து, "வெள்ளிக்கோல் வரையன்ணே, விஷமில்லை. விளக்குமாத்தால தள்ளி விட்டுட்டுப் படுங்க" என்றேன். அவர்கள் தள்ளினார்கள். அது வெளியே போகாமல் அரிசிச் சாக்குக்கு அடியில் போய்விட்டது. விஷமில்லாத பாம்புதானே என்று விட்டுவிட்டு, அங்கேயே பாய் போட்டுப் படுத்துவிட்டார்கள்.

விடியற்காலை நாலு மணிக்கு உதவியாள் ஒருவர் வயிற்று வலி என்று எழுந்திருக்கிறார். உடம்பில் காயமில்லை, வீக்கமில்லை. வாயு என்று சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஏழு மணிக்கு இமை தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது. அப்போதுதான் சமையல்காரர் எனக்குப் போன் போட்டார்.

"தம்பி, அந்தப் பாம்புக்கு விஷமில்லேன்னுதானே சொன்னீங்க?"

அந்த 'தானே' இன்னும் என் காதில் இருக்கிறது. நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால்கூட நாலு மணிக்கே யாராவது பாம்பைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். நான் 'விஷமில்லை' என்று சொன்னதால் மூன்று மணி நேரம் பாம்பின் நினைப்பே யாருக்கும் வரவில்லை. உடனே ஆம்புலன்சில் ஏற்றச் சொல்லிவிட்டு நான் பின்கட்டுக்குப் போய் ஒவ்வொரு சாக்காக நகர்த்தினேன். மூன்றாவது சாக்குக்கு அடியில் சுருண்டு, தலையை உடம்புக்குள் செருகிக்கொண்டு கிடந்தது. பகலில் கட்டுவிரியன் அப்படித்தான், பரம சாதுவாக இருக்கும். டார்ச்சை நெருக்கிப் பிடித்தபோது நடுமுதுகில் ஒற்றை வரிசையாகப் பெரிய செதில்கள், ஒவ்வொன்றும் அறுகோணம், தேனடைக் கட்டம் மாதிரி. பக்கத்துச் செதில்கள் அதில் பாதி அளவுதான். வரையனுக்கு அந்த வரிசை கிடையாது, முதுகு முழுக்க ஒரே அளவுச் செதில்.

அந்த உதவியாள் ஆறு நாள் வென்டிலேட்டரில் இருந்து பிழைத்து வந்தார். இன்றைக்கும் கல்யாண வீடுகளில் பார்த்தால் சிரிக்கத்தான் செய்கிறார். எனக்குத்தான் சிரிப்பு வருவதில்லை.

ஆகவே பையன்களே, படம் வந்தால் நடுமுதுகைப் பெரிதாக்கிப் பாருங்கள். அது தெரியவில்லையா, "தெரியவில்லை, கட்டுவிரியனாக இருக்கலாம், அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம்" என்று எழுதுங்கள். சுவரில் ஏறியது, அதனால் வரையன் என்கிறான் ஒருவன். வரையன் நன்றாக ஏறும், உண்மைதான். ஆனால் தரையில் கிடந்ததால் கட்டுவிரியன் என்று ஆகாது, மேலே கிடந்ததால் கட்டுவிரியன் இல்லை என்றும் ஆகாது. சில கட்டுவிரியனுக்குப் பட்டையே மங்கிப் போய்த் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கும். அதன் பல் சின்னது, தூக்கத்தில் கடித்தால் கொசுக்கடி அளவுக்குக்கூடத் தெரியாமல் போகலாம். தரையில் படுக்கிறவர்கள் கொசுவலை கட்டி ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்வது இதற்காகத்தான், கொசுவுக்காக மட்டுமில்லை.

கானாடுகாத்தானில் ஒரு ஆச்சி நான் பாம்புக்குப் பேர் சொல்லத் தயங்கி நின்றபோது, "பேரு தெரியாட்டிப் பரவாயில்லப்பா, முதல்ல வெளிய கொண்டு போ" என்றார்கள். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த நல்ல வாத்தியார்.

கொம்பேறி மூக்கன்

கடித்துவிட்டு மரமேறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்குமாம். அது பார்ப்பது ஓணானை.

சாரையும் நல்ல பாம்பும் பிணைவது

பிணைவதில்லை. நீங்கள் பார்த்தது இரண்டு ஆண் சாரைகளின் சண்டை.

செத்த பாம்பு

துண்டான தலையும் கடிக்கும். தொடாதீர்கள்.

பொட்டலில் 'குட்டிப் பாம்பு'

செம்மண் வண்டிப்பாதையில் நடக்கும்போது ஒரு அடி நீளத்தில், மண் நிறத்தில், கல்லோரம் ஒன்று கிடக்கும். "மண்ணுளிக் குட்டி" என்று சொல்லிக்கொண்டே பையன் குனிவான், கையில் போன். அது குட்டியே இல்லை, முழுசாக வளர்ந்த சுருட்டை விரியன். ராஜஸ்தான் மணல்காட்டில் இதே இனம் இதைவிடப் பெரிதாக வளரும், நம் ஊரில் இவ்வளவுதான். தலையில் பறவைக் கால்தடம் மாதிரி வெள்ளைக் குறி, மண்ணில் பக்கவாட்டில் நழுவிப் போகும் நடை. மிரண்டால் உடம்பை வளைத்து வளைத்து ஒன்றோடொன்று தேய்க்கும், அப்போது வருகிற சத்தம் உப்புத்தாளை உரசுகிற மாதிரி சரசரவென்று இருக்கும். அந்தச் சத்தம் கேட்டால் நின்ற இடத்தில் நின்று, எங்கே என்று பார்த்துவிட்டுப் பின்வாங்குங்கள். கரிமூட்டம் போடக் கருவை வெட்டுகிறவர்களையும் ஆடு மேய்க்கிறவர்களையும் கேளுங்கள், படத்தைவிடச் சத்தத்தை வைத்துத்தான் அவர்கள் சொல்வார்கள்.

மண்ணுளிக்கு வால் மொட்டையாக இருக்கும், தலை எது வால் எது என்று குழப்பும். இரண்டு தலை என்று லட்சக்கணக்கில் விலை பேசும் கும்பல் அலைகிறது. அதை நம்பிப் பிடித்து வைத்தால் வனத்துறை வழக்குத்தான் மிஞ்சும்.

அடித்து எடுத்துக்கொண்டு போவது

கடிபட்டவரை விட்டுவிட்டுப் பாம்பைத் தேடி அரைமணி நேரம் ஓடுகிறார்கள், டாக்டருக்குக் காட்ட வேண்டுமாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான். வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தில் எடுக்கிற விஷத்திலிருந்துதான் பெரும்பாலும் அது தயாராகிறது. டாக்டர் இமையைப் பார்ப்பார், மூச்சைப் பார்ப்பார், கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிஷம் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார். பாம்பின் பேர் அவருக்குக் கட்டாயமில்லை. கடிபட்டவரை அசைக்காமல் 108-க்குப் போன் போடுங்கள். கயிற்றால் இறுக்குவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம்.

போன மாசம்கூட ஒரு பையன் கண்ணாடி விரியனைக் கம்பால் இரண்டு போடு போட்டு, செத்துவிட்டது என்று கட்டைப்பையில் திணித்து, கடிபட்ட மாமாவை வண்டியில் பின்னால் உட்கார வைத்து, அவர் மடியிலேயே பையைக் கொடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறான். அங்கே போய் நர்ஸ் மேஜையில் வைத்திருக்கிறான். பை சீறியிருக்கிறது.