ஒரே கணக்கு, மூன்று மேசை: வகுப்பில் குழு பிரிப்பது எப்படி?

புதிய ஆசிரியரிடம் மாணவர்களைக் குழுவாகப் பிரிக்கச் சொன்னால் முதலில் தேடுவது மதிப்பெண் பட்டியலைத்தான். கெட்டிக்காரர்கள் முன்னால், மெதுவாகப் படிப்பவர்கள் மூலையில். ஆண்டுத் தொடக்கத்தில் போட்ட குழு கடைசிவரை அசையாது. மலேசியத் தொடக்கப்பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யுபிஎஸ்ஆர் பொதுத்தேர்வே 2021இல் ஒழிந்துவிட்டது. இந்தப் பழக்கம் மட்டும் போக மறுக்கிறது.

நெகிழ்வான குழுமுறை இதற்கு நேர்மாறு. இன்றைய பாடத்தில் யாருக்கு எது தேவையோ அதற்கேற்பக் குழு. தேவை தீர்ந்ததும் குழுவும் கலையும். பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளி, இரண்டாம் ஆண்டுக் கணிதம் என்று வைத்துக்கொண்டு செய்து பார்ப்போம்.

படி 1: ஒரே ஒரு கேள்வி

முதல் நாள் பாடம் முடியும்போது ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து 402 − 178 என்று எழுதிப் போடுங்கள். நடுவில் பூஜ்யம் இருப்பது வேண்டுமென்றேதான்.

படி 2: திருத்தாதீர்கள், பிரியுங்கள்

சரி, தவறு என்று இரண்டாகப் பிரித்தால் பயனில்லை. தவறான விடையை உற்றுப் பாருங்கள். சிலர் 376 என்று எழுதியிருப்பார்கள்: 2இல் 8 போகாது என்றதும் 8இலிருந்து 2ஐக் கழித்துவிட்டார்கள், பூஜ்யத்துக்குக் கீழே இருந்த 7ஐ அப்படியே இறக்கிவிட்டார்கள். வேறு சிலர் 234 என்பார்கள். இவர்களுக்கு நூறை மாற்றத் தெரிகிறது. ஆனால் அதில் ஒரு பத்தை ஒன்றுகளுக்குக் கொடுத்ததை மறந்து, 9 இருக்க வேண்டிய இடத்தில் 10ஐ வைத்துக் கழித்திருக்கிறார்கள். இரண்டும் தவறுதான், ஆனால் நோய் வேறு, மருந்தும் வேறு. 224 எழுதியவர்கள் மூன்றாவது அடுக்கு. ஒன்றும் எழுதாமல் தாளைக் கொடுத்த பிள்ளையை உங்கள் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

படி 3: மேசைக்கேற்ற வேலை

376 மேசையில் நீங்கள் இருக்க வேண்டும். விளையாட்டுப் பணத்தில் நான்கு 100 ரிங்கிட், இரண்டு 1 ரிங்கிட் கொடுத்து, "கடைக்காரருக்கு 178 ரிங்கிட் கட்டுங்கள்" என்று சொல்லுங்கள். கையில் 10 ரிங்கிட் தாள் ஒன்றுகூட இல்லை. நூறை மாற்றினால்தான் பத்து வரும், பத்தை மாற்றினால்தான் ஒன்று வரும் என்பது தாளை எண்ணும்போது தானாகப் புரியும்.

234 மேசைக்கும் அதே பணம். ஒவ்வொரு முறை மாற்றிய பிறகும் கையில் எத்தனை பத்து மீதி என்று எழுதச் சொன்னால் போதும்.

224 எழுதியவர்களுக்கு இன்னும் இருபது கணக்கு கொடுப்பது பரிசல்ல, தண்டனை. தைப்பூசத் தண்ணீர்ப்பந்தலில் 402 பாக்கெட் மோர் இருந்தது என்று தொடங்கி, அவர்களே கதைக்கணக்கு எழுதட்டும்.

படி 4: பெயர் வேண்டாம்

தாமரை, அல்லி என்று என்ன பெயர் வைத்தாலும் எது 'மக்கு' மேசை என்று பிள்ளைகள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். மேசை எண் போதும். அதையும் மாற்றிக்கொண்டே இருங்கள்.

படி 5: கலையுங்கள்

இருபது நிமிடத்துக்குப் பிறகு மேசைக்கு ஒருவராகக் கலந்து உட்காரவைத்து, மூவரும் சேர்ந்து ஒரு கதைக்கணக்கைச் செய்யட்டும். மறுநாள் புதிய துண்டுத்தாள், புதிய அடுக்கு. மொழிப்பாடத்தில் வண்ணக் குச்சி எடுத்துக் குருட்டாம்போக்காகவும் சேர்க்கலாம். எல்லாவற்றுக்கும் ஆராய்ச்சி தேவையில்லை. ஆசிரியரே வகுப்பில் செய்யும் வகுப்பறை மதிப்பீட்டில் பதியும் 1 முதல் 6 வரையிலான அடைவுநிலை அறிக்கைக்கு உரியது. அதை இருக்கை எண்ணாக்க வேண்டாம்.

"டீச்சர், என் மகன் கடைசிக் குழுவாமே?" என்று வாட்ஸ்அப்பில் ஓர் அம்மா கேட்கத்தான் செய்வார். அவன் எழுதிய துண்டுத்தாளைப் படமெடுத்து அனுப்பி, நூறை மாற்றத் தெரிகிறது, பத்தில் ஒன்றைக் குறைக்க மட்டும் மறக்கிறான், வீட்டில் சில்லறை மாற்றி விளையாடுங்கள் என்று எழுதுங்கள்.