சிலம்பப் பயிற்சிக்கு இடம்தரும் வேலையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சிலம்பம் பழகும் நெல்லை இளைஞர்கள் வேலை தேடும்போது, சம்பளத்துக்கு முன்பே பணி நேரத்தைக் கேட்டறிய வேண்டும். ஏனெனில் களம் பெரும்பாலும் அதிகாலையிலும் அந்தியிலும்தான் கூடும். கங்கைகொண்டான் சிப்காட் பக்கம் ஷிப்ட் மாறும் ஆலை வேலை கிடைத்தால், நிலையான ஷிப்ட் உண்டா என்று விசாரியுங்கள்: இரவுப் பணி முடித்துத் தூங்காமல் கம்பெடுத்தால், மணிக்கட்டு தளர்ந்து, வீச்சின் நடுவிலேயே பிடி நழுவும். காவல் பணி உடலைக் கட்டுக்கோப்பாக வைக்கும். ஆனால் நெல்லையப்பர் ஆனித் தேரோட்டம் போன்ற நாட்களில் பந்தோபஸ்துதான் முதலில். என் பார்வையில், மாலையில் மைதானத்தையும் கோடையில் விடுமுறையையும் தரும் உடற்கல்வி ஆசிரியர் பணியே மிகப் பொருத்தமானது; அதற்கு பி.பி.எட். (உடற்கல்வியியல் பட்டம்) போன்ற உடற்கல்வித் தகுதி வேண்டும். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத இடஒதுக்கீட்டில் சிலம்பமும் இடம்பெற்றுள்ளதால், அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளின் சான்றிதழ்களைப் பள்ளிப் பருவத்திலிருந்தே பத்திரப்படுத்துங்கள்.