விசாவில் இருப்பவர் அமெரிக்காவில் கைத்துப்பாக்கி வாங்கும் முன்

ஊரில் துப்பாக்கி வேண்டுமென்றால் முதலில் மனு, பிறகு காவல்துறை விசாரணை, அதன்பின் உரிமம், தேர்தல் வந்தால் ஆயுதத்தைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பது என்ற நடைமுறை நமக்குத் தெரிந்ததே. டெக்சாஸ் போன்ற மாநிலத்தில் அப்படி எதுவும் இல்லை. கடையில் ஒரு படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்ததும் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். இந்த எளிமையை நம்பித்தான் என் நெருங்கிய நண்பர் ஒருவர் சிக்கிக்கொண்டார். துப்பாக்கிக்கென்று உரிமம் கேட்காத இந்த மாநிலத்திலும் நம்முடைய விசா வகையைக் கேட்கும் கூட்டரசுச் சட்டம் ஒன்று இருக்கிறது என்பதை வந்திறங்கிய யாரிடமும் எவரும் சொல்வதில்லை.

அந்தச் சட்டத்தின்படி எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற குடியேற்றமல்லாத, அதாவது வேலை, படிப்பு என்று தற்காலிகமாகத் தங்குவதற்கான விசாக்களில் உள்ளே வந்தவர்கள் துப்பாக்கியையோ தோட்டாக்களையோ வைத்திருக்கவே கூடாது. தடை வாங்குவதற்கு மட்டுமன்று, கையில் வைத்திருப்பதற்கும் சேர்த்துத்தான். எனவே அலுவலக நண்பர்கள் வார இறுதியில் பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துச் சென்று வாடகைத் துப்பாக்கியைக் கையில் கொடுக்கும்போதும் அது பொருந்தும். கிரீன் கார்டு எனும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. விசாக்காரர்களுக்கு உள்ள சில விதிவிலக்குகளில் நம்மவர்கள் வழக்கமாகப் பயன்படுத்துவது ஒன்றுதான்: ஏதேனும் ஓர் அமெரிக்க மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம். வேட்டைக்குப் போயே ஆக வேண்டும் என்பதில்லை. உரிமம் செல்லுபடியாக இருக்க வேண்டும், அவ்வளவே.

கடையில் நடப்பவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் கைத்துப்பாக்கி வாங்கக் கூட்டரசுச் சட்டம் வைத்திருக்கும் வயது 21. நீங்கள் வசிக்கும் மாநிலத்திலேயே வாங்க வேண்டும். இணையத்தில் வாங்கினாலும் உங்கள் மாநில விற்பனையாளர் ஒருவருக்கு அனுப்பச் செய்து அவர் மூலமே பெற வேண்டும். கடையில் தரும் கூட்டரசுப் படிவம் 4473-இல் குடியுரிமை, விசா விவரம், நாட்டுக்குள் நுழைந்ததைப் பதியும் ஐ-94 தாளின் எண் ஆகியவற்றை எழுதியபின் எஃப்.பி.ஐ. வழியே பின்னணிச் சோதனை நடக்கும். நம்மைப் போன்றவர்களுக்கு உடனே முடிவு வராமல் தாமதம் என்று வருவதுண்டு. மூன்று வேலை நாள்கள் காத்திருக்கப் பதற்றப்பட வேண்டாம்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். சாதாரணப் பயன்பாட்டுக்கான புதிய 9 மி.மீ. பிஸ்டல் ஏறத்தாழ 450 முதல் 600 டாலர் வரை வரும். டெக்சாஸில் விற்பனை வரி 8.25 விழுக்காடு வரை சேரும். இணையத்தில் வாங்கினால் கைமாற்றித் தரும் விற்பனையாளர் 20 முதல் 50 டாலர் கேட்பார். ஐம்பது தோட்டாக்கள் கொண்ட பெட்டி 15 டாலரை ஒட்டி இருக்கும். ஒழுங்காகப் பயிற்சி செய்கிறவருக்கு ஓராண்டில் தோட்டாச் செலவு துப்பாக்கியின் விலையையே எட்டிவிடும். கடைக்காரர் பூட்டு ஒன்றைத் தந்தே விற்க வேண்டும் என்பது சட்டம் என்றாலும், வீட்டில் குழந்தை இருந்தால் அதை மட்டும் நம்பாமல் நல்ல இரும்புப் பெட்டிக்கு நூறு, இருநூறு டாலர் ஒதுக்குங்கள். டெக்சாஸில் 17 வயதுக்குட்பட்டவர் கையில் துப்பாக்கி கிடைக்கும்படி அஜாக்கிரதையாக விட்டுவைப்பதே குற்றம்.

இனி நண்பரின் விஷயம். எங்கள் குடியிருப்பில் அடுத்தடுத்து இரண்டு வீடுகளில் நகை திருட்டுப் போன பிறகு, எச்-1பி விசாவில் இருந்த அவர் சட்டத்தை முழுவதும் படித்துவிட்டே கடைக்குப் போனார். ஜனவரியில் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்தார், 25 டாலர் கட்டி டெக்சாஸ் வேட்டை உரிமம் வாங்கினார், படிவத்தில் ஒரு சொல் பிசகாமல் உண்மையை எழுதினார். அந்த ஒழுங்கில் எனக்கே அப்போது பெருமையாக இருந்தது. ஆனால் டெக்சாஸில் ஆண்டு வேட்டை உரிமம் வாங்கிய நாளிலிருந்து ஓராண்டு நீடிப்பதில்லை; எந்த மாதம் வாங்கினாலும் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். அவர் அடுத்த ஜனவரி வரை இருக்கிறது என்று நினைத்து, அட்டையைத் துப்பாக்கியின் ரசீதோடு மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார்.

நவம்பரில் அந்தத் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வேறொன்று மாற்றிக்கொள்ளலாம் என்று கடைக்கு எடுத்துச் சென்றபோது, விற்பனையாளர் அட்டையில் இருந்த தேதியைக் காட்டி, இரண்டு மாதங்களுக்கும் மேலாக இதை நீங்கள் வைத்திருந்ததே சட்டத்துக்குப் புறம்பானது என்று சொன்னார். தடை செய்யப்பட்டவர் துப்பாக்கி வைத்திருந்தால் 2022-க்குப் பிறகு 15 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். உரிமத்தை இணையத்தில் புதுப்பிக்கப் பத்து நிமிடம் போதும் என்பதை நினைக்க நினைக்க எனக்கு இன்றும் ஆறவில்லை.

அன்றே அவர் குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரையும் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரையும் பார்த்தார். 2019-இல் ரெஹைஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை முதலாமவர் விளக்கினார். மாணவர் விசாவில் வந்து, பல்கலைக்கழகம் நீக்கியபின் தங்கிவிட்ட ஒருவர் பயிற்சிக் கூடத்தில் சுட்டதற்காகத் தண்டிக்கப்பட்ட வழக்கு அது. தாம் தடைக்கு உட்பட்ட நிலையில் இருப்பதை அவர் அறிந்திருந்தார் என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அது ஓரளவு ஆறுதல் தந்தது. குடியேற்ற வழக்கறிஞர் சொன்னதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. கிரீன் கார்டுக்கான ஐ-485 படிவம், கைது செய்யப்படாவிட்டாலும் எப்போதாவது குற்றம் செய்திருக்கிறீர்களா என்று கேட்கிறது. அந்த இரண்டு மாதங்களை எப்படி எழுதுவது என்பதற்கே தனி ஆலோசனை தேவைப்பட்டது. இரண்டு வழக்கறிஞர்களுக்குமாகச் செலவு மூவாயிரம் டாலரைத் தாண்டியது. அதைவிட, தெளிவான பதில் கிடைக்கும் வரை நாட்டைவிட்டு வெளியே போக வேண்டாம் என்று சொன்னதால், அந்தத் தை மாதம் தந்தையின் முதலாண்டுத் திதிக்கு அவர் ஊருக்குப் போகவில்லை. தம்பி கொடுத்த பிண்டத்தைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருந்தார்.

இதற்கு மாற்றாக, கிரீன் கார்டு வைத்திருக்கும் அண்ணனிடமோ நண்பரிடமோ சொல்லி உங்களுக்காக வாங்கச் செய்ய நினைக்காதீர்கள். உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று படிவம் நேராகக் கேட்கிறது. சட்டப்படி வைத்திருக்கத் தகுதியுள்ள மாமாவுக்காக வாங்கியவரையே 2014-இல் அப்ராம்ஸ்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் விடவில்லை. உங்களிடம் வேட்டை உரிமம் இருந்து, எச்-4 விசாவில் இருக்கும் மனைவியிடம் இல்லையென்றால், இரும்புப் பெட்டியின் சாவியையும் ரகசிய எண்ணையும் அவருக்குக் கொடுக்காதீர்கள். எடுக்க முடிகிற நிலையில் இருப்பதே வைத்திருப்பதாகக் கொள்ளப்படலாம். சில மாநிலங்களில் கஞ்சா கடையில் விற்கிறது என்றாலும், அதைப் பயன்படுத்துகிறீர்களா என்றும் அதே படிவம் கேட்கிறது.

வேலை மாறி வேறு மாநிலம் போகும்போது துப்பாக்கியைப் பற்றி முதலில் யோசியுங்கள். நியூயார்க்கில் வீட்டுக்குள் கைத்துப்பாக்கி வைக்கவே உரிமம் வேண்டும். நியூ ஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கி வாங்கவும் தனி அனுமதிச் சீட்டு, பத்துக்கு மேல் தோட்டா கொள்ளும் மேகசினுக்குத் தடை. கலிபோர்னியாவில் பத்து நாள் காத்திருப்பு. கிரீன் கார்டு கிடைத்தவர்களும் அசட்டையாக இருக்க முடியாது. துப்பாக்கிச் சட்டத்தை மீறியதாக ஒரு தண்டனை வந்தால், எத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்திருந்தாலும் அதுவே நாடுகடத்தக் காரணமாகிவிடும்.

நண்பர் துப்பாக்கியை அதே கடையில் பாதி விலைக்கு விற்றுவிட்டார். விற்ற தேதி அச்சிட்ட அந்த ரசீதை வழக்கறிஞரின் சொற்படி நான்கு நகல் எடுத்து, கடவுச்சீட்டோடும் ஐ-94 தாளோடும் ஒரே கோப்பில் வைத்திருக்கிறார்.