ஆடி, ஆவணிக் காற்றில் கரைக்கு வரும் கடல் பறவைகள்: புதியவர்களுக்கான வழிகாட்டி

ஆகஸ்ட் மாதத்தில் பறவை பார்க்க எங்கே போகலாம் என்று கேட்டால், "வலசை இன்னும் தொடங்கவில்லை, அக்டோபர் வரட்டும்" என்பதுதான் பலர் சொல்லும் பதில். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வழக்கமாக நடுக்கடலை விட்டுக் கரைப்பக்கம் வராத பறவைகளைத் தரையில் நின்றுகொண்டே பார்க்கக் கிடைக்கும் மாதங்கள் ஆடியும் ஆவணியும்தான். தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் நாட்களில் சூட்டி ஆலா (ஆலா என்பது ஆங்கிலத்தில் டெர்ன்), பூபி, ஃபிரிகேட் பறவை போன்றவை கன்னியாகுமரி, ராமேஸ்வரம் கரைகளை ஒட்டிப் பறக்கும். சில களைத்துப்போய் மணலிலேயே இறங்கிவிடும். இவற்றைப் பார்க்கப் படகு ஏற வேண்டியதில்லை. ஆனால் காற்றைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

1. முதலில் காற்றின் திசை

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். கடலிலிருந்து கரையை நோக்கிக் காற்று அடித்தால்தான் கடல் பறவைகள் நம் பக்கம் ஒதுங்கும். இந்தப் பருவத்தில் மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் மேல்காற்றுதான் ஓங்கியிருக்கும். சென்னை மெரினாவில் அது பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் காற்று. அதனால் அங்கே எவ்வளவு பலமாக வீசினாலும் பெரிய பலன் இல்லை. அதே காற்று குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையிலும், மன்னார் வளைகுடாவைப் பார்த்த தனுஷ்கோடி கரையிலும் கடலிலிருந்து நேராக வந்து மோதும்.

வங்கக் கடலின் வடக்கில், ஒடிசா அருகே ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானதாகச் செய்தி வந்தால் நமக்கென்ன என்று விட்டுவிடாதீர்கள். மழை அங்கே பெய்யும், ஆனால் அந்தத் தாழ்வு இழுக்கும் இழுப்பில் தென்முனையில் மேல்காற்று கூடும். இப்படி இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வீசிவிட்டு லேசாகத் தணியத் தொடங்கும் காலைப்பொழுதுதான் நீங்கள் கரையில் இருக்க வேண்டிய நேரம். காற்று முழுதாக அடங்கிவிட்டால், தெம்புள்ள பறவைகள் எல்லாம் கடலுக்குத் திரும்பிவிடும்.

புயல் பறவைகளைக் கொண்டுவரும் விதம் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. 2023 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கரையேறிய இடாலியா சூறாவளிக்குப் பிறகு, கடலுக்கே சம்பந்தமில்லாத ஒஹாயோ, விஸ்கான்சின் மாநிலங்களில்கூட பூநாரைகள் இறங்கின. அது சுழலும் சூறாவளி பறவைகளைத் தூக்கிச் சென்ற கதை. நம் கரையில் நடப்பது பெரும்பாலும், விடாமல் வீசும் காற்று பறவைகளைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே வருவது.

2. போகலாமா வேண்டாமா

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையை முந்தின இரவே பாருங்கள். அருகிலுள்ள துறைமுகத்தில் எத்தனாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். புயல் கரையைக் கடக்கும் நேரத்தில் கடற்கரைக்குப் போகவே கூடாது. எந்தப் பறவைக்காகவும் கூடாது.

புதியவர்களுக்குத் தெரியாத இன்னொரு ஆபத்து கள்ளக்கடல். எங்கோ தொலைவில் அடிக்கும் புயலால் எழும் அலைகள் பல நாள் பயணித்து இங்கே வந்து சேரும்போது, வானம் தெளிவாக இருக்கும், காற்றும் இருக்காது, கடல் மட்டும் திடீரென்று கரையேறும். ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் இதற்குத் தனியாக எச்சரிக்கை வெளியிடுகிறது. அந்த எச்சரிக்கை இருக்கும் நாளில் அலை எட்டும் பாறைகளில் நிற்காதீர்கள். உள்ளூர் மீனவர் ஒருவரிடம் "அண்ணே, இங்க நிக்கலாமா?" என்று கேட்டுவிட்டு நிற்பது நல்லது.

3. இடம்

என் முதல் பரிந்துரை குமரி மாவட்டத்தின் முட்டம். கலங்கரை விளக்கத்தை ஒட்டிய மேட்டில் நின்றால் கடல் நமக்குக் கீழே விரியும். உயரம் இருந்தால், அலைகளின் பள்ளத்தில் மறைந்து பறக்கும் பறவைகளும் கண்ணில் படும். மேற்கு நோக்கிய கரை என்பதால் காலை வெயில் நம் முதுகுப்பக்கம் இருக்கும், நிறங்கள் துல்லியமாகத் தெரியும்.

இரண்டாவது, தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை. அங்கே ஒரு பக்கம் கொந்தளிக்கும் மன்னார் வளைகுடா, மறுபக்கம் அமைதியான பாக் நீரிணைப் பக்கம். பலர் அலையடிக்கும் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இரண்டையும் பாருங்கள். பறந்து கடந்துபோகும் பறவைகள் மன்னார் பக்கம் தெரியும். களைத்தவை காற்றுக்கு மறைவான மறுபக்கத்து மணல்திட்டுகளில், மற்ற ஆலாக் கூட்டத்தோடு கலந்து உட்கார்ந்திருக்கும். மாலையில் அந்தச் சாலையில் ஆட்களை அனுமதிப்பதில்லை, அதனால் விடிந்ததும் போய்விடுங்கள்.

கடற்கரைக்குப் போக முடியாதவர்களுக்கும் வழி உண்டு. ஆகஸ்ட், செப்டம்பரில் சென்னைப் பக்கம் மாலையில் இடி மழை கொட்டும். அப்போதுதான் வடக்கிலிருந்து வரத் தொடங்கியிருக்கும் உள்ளான் எனும் கரையோரப் பறவைகளில் சில, மழையில் மாட்டி அருகில் கிடைத்த நீர்நிலையில் இறங்கிவிடும். மறுநாள் விடியலில் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் போல உங்கள் ஊரில் எந்தச் சதுப்பு நிலம் இருக்கிறதோ அங்கே போய்ப் பாருங்கள்.

4. கையில் என்ன

8×42 (எட்டு மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன் லென்ஸ்) பைனாகுலர் போதும். அதைவிட அதிகப் பெருக்கம் உள்ளதைக் காற்றில் ஆடாமல் பிடிக்க முடியாது. குடை வேண்டாம், மழைக்கோட்டு போடுங்கள். உப்புச் சாரல் கண்ணாடியில் படிந்தால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறல் விழும். நல்ல தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் முதலில் ஒற்றி எடுங்கள்.

5. பார்க்கும் முறை

பைனாகுலரை அங்கும் இங்கும் அலைக்கழிக்காதீர்கள். தொடுவானம் காட்சிக்குள் வரும்படி ஓரிடத்தில் நிறுத்திக் கொஞ்ச நேரம் காத்திருங்கள், பிறகு மெதுவாக நகர்த்துங்கள். குறைந்தது இரண்டு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். முதல் அரை மணியில் ஒன்றுமே தெரியாமல் போகலாம், அது சாதாரணம்.

தொலைவில் நிறத்தை நம்ப முடியாது, பறக்கும் விதத்தைத்தான் நம்ப வேண்டும். இறக்கையை விறைப்பாக நீட்டி, அலை மட்டத்தில் வழுக்கி, திடீரென்று மேலே வளைந்து எழுந்து மறுபடி தாழ்ந்தால் அது ஷியர்வாட்டர். குருவி அளவில் கருப்பாக, கால்களால் நீரைத் தட்டித் தட்டி நடப்பது போல் போனால் வில்சன் ஸ்டார்ம் பெட்ரல். அண்டார்டிக் பகுதியில் இனப்பெருக்கம் முடித்து அங்கிருந்து இவ்வளவு தூரம் வரும் பறவை அது. அதை முதல்முறை பார்க்கும் நாளை நீங்கள் மறக்க மாட்டீர்கள். மற்ற பறவைகளைத் துரத்தி இரையைக் கக்க வைப்பது ஸ்குவாவாக இருக்கலாம், ஃபிரிகேட் பறவையாகவும் இருக்கலாம். நீண்டு மடங்கிய இறக்கையும் கத்தரிக்கோல் போலப் பிளந்த வாலும் இருந்தால் ஃபிரிகேட். அதன் இறகு நனைந்துவிடும் தன்மை கொண்டது, நீரில் இறங்கி ஓய்வெடுக்க அதனால் முடியாது. நாள்கணக்கில் புயல் நீடித்தால் அது ஏன் நிலத்துக்கு மேல் வந்துவிடுகிறது என்பது இதிலிருந்தே புரியும்.

புதியவர்கள் அதிகம் குழம்புவது சூட்டி ஆலா, பிரைடில்டு ஆலா இரண்டிலும்தான். இரண்டுமே மேலே கருமை, கீழே வெண்மை. முதலாவது லட்சத்தீவின் பிட்டி தீவிலும், இரண்டாவது மகாராஷ்டிரத்தின் வெங்குர்லா பாறைத்தீவுகளிலும் கூடு வைக்கின்றன. நெற்றி வெள்ளையைப் பாருங்கள். அகலமாக இருந்து கண்ணோடு நின்றுவிட்டால் சூட்டி. ஒல்லியான புருவம்போல் கண்ணைத் தாண்டிப் பின்னே நீண்டால் பிரைடில்டு. சூட்டியின் முதுகு தலையைப் போலவே கரிய நிறம். பிரைடில்டின் முதுகு சாம்பல் கலந்த பழுப்பு, தலையின் கருமையிலிருந்து தனியாகத் தெரியும். முதுகில் வெள்ளைப் புள்ளிகளோடு உடம்பெல்லாம் கருத்த ஆலாவைக் கண்டால் இளம் சூட்டி ஆலாவா என்று பாருங்கள்.

6. தரையில் கிடக்கும் பறவை

கரையில் உட்கார்ந்திருக்கும் பறவை கிட்டத்தட்ட எல்லா வலுவையும் செலவழித்துவிட்ட பறவை. நெருங்கிப் படம் எடுக்க அதை ஒருமுறை எழுப்பினாலும் அது உயிருக்கே கேடாகலாம். தூரத்திலிருந்தே பாருங்கள், நாய்களையும் கூட்டத்தையும் விலக்கி நிறுத்துங்கள்.

எழ முடியாமல் கிடந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் வர நேரமாகும் என்றால் மட்டும், கையுறை போட்டு, துண்டால் மூடி எடுத்து, காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வையுங்கள். பூபியின் அலகு கண்ணைக் குத்தும், முகத்தருகே கொண்டுபோகாதீர்கள். வாயில் தண்ணீரோ மீனோ திணிக்காதீர்கள். நல்லெண்ணத்தில் பலர் செய்யும் பெரிய தவறு, "கடல் பறவைதானே" என்று அதைத் திரும்ப அலையில் விடுவது. அந்த நிலையில் அது மூழ்கிவிடும்.

7. பதிவு

பார்த்த பறவைகளைப் பதியும் இ-பேர்டு செயலியில் நேரம், இடம், எண்ணிக்கையோடு பறவை எந்தத் திசையில் போனது, காற்று எங்கிருந்து வீசியது என்பதையும் குறிப்பில் எழுதுங்கள். அரிய பறவை என்றால் சரிபார்க்கும் தன்னார்வலர் விவரம் கேட்பார், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. மங்கலான படமும் உதவும், தூக்கி எறியாதீர்கள். படம் இல்லையென்றால் நெற்றி, முதுகு, பறந்த விதம் மூன்றையும் பார்த்த இடத்திலேயே எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்து படங்களைப் புரட்டினால் பார்த்ததும் படித்ததும் கலந்துவிடும். சூட்டியா பிரைடில்டா என்று உறுதியாகவில்லையா? இரண்டில் ஒன்று என்று பதியும் வசதியும், ஆலா என்று மட்டும் பதியும் வசதியும் அந்தச் செயலியிலேயே இருக்கின்றன.